இரண்டாவது பட்டியல்

வால்டர் மஸ்கரேனஸுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்பது டாக்டர் ஜெரோம் ரெபெல்லோவின் அசைக்க முடியாத அபிப்பிராயம். காலையில் வெலென்சியா கோவில் மணி அடிக்கும்போது பல் தேய்த்துக்கொண்டே அதை ஒருமுறை நினைத்துக்கொள்வார். சாயங்காலம் மழையில் கார் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கி வரும்போது இன்னொருமுறை. நடுவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வால்டரைப் பார்த்தால் சிரித்துத் தோளில் தட்டுவதும் உண்டு. கல்லூரி நாளிலிருந்து வந்த சிநேகம், சட்டென்று விட்டுவிட முடியுமா?

இருவரும் மங்களூரில் ஒரே ஆஸ்பத்திரியில் மூளைக் கட்டிக்குக் கதிர் வைக்கும் டாக்டர்கள். சனங்கள் அதைக் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். கரண்டு வைத்தால் கட்டி அடங்கும், ஆள் பிழைத்து எழுந்து போவான். ஆனால் மூளையின் அடியில், இரண்டு பக்கமும், சுண்டுவிரல் கனத்தில் வளைந்து கிடக்கிற ஒரு பகுதி உண்டு. புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் உள்ளே வாங்கி வைப்பது அதன் வேலை. கட்டிக்குப் போகிற கதிர் அதையும் தொட்டுவிட்டால், பிழைத்தவனுக்குக் காலையில் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது சாயங்காலம் தெரியாது. அந்த இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கதிரைப் பல பக்கத்திலிருந்து அனுப்பினால் ஞாபகம் தப்புமா என்பதுதான் ஆராய்ச்சி.

இந்த ஊரில் அதை முதலில் பேசியவர் ஜெரோம்தான். அதில் சந்தேகமே இல்லை. படம் படமாகக் கோடு போட்டு, ஆபரேஷன் டாக்டர்களோடு சண்டை பிடித்து, கேட்க ஆள் இல்லாதபோது சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் விளக்கி, வருடக்கணக்காக அதையே மென்றுகொண்டிருந்தார். கடைசியில் பெங்களூர்க் கமிட்டி ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கொடுத்தபோது தலைமைக்குப் போட்ட பெயர் வால்டருடையது. வால்டர் வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்தவன். மேடையில் நன்றாகப் பேசுவான். யாரைப் பார்த்தாலும் ஊர் கேட்டு, அப்பா பெயர் கேட்டு, உறவு கண்டுபிடித்துவிடுவான். ஜெரோமுக்கு அந்த வித்தையெல்லாம் வராது. அவர் பெயர் இரண்டாவதாகப் போயிற்று.

அதோடு போயிருந்தால் வயிற்றெரிச்சலும் தானாக ஆறியிருக்கும். ஆறவிடாமல் போன வருஷம் பங்குனியில் செவ்ரினுக்கு வலிப்பு வந்தது.

செவ்ரின் அவர் மனைவி. வாய் ஓயாமல் பேசுகிறவள். மீன்காரியைப் பேரம் பேசியே அழவைத்து, பிறகு உட்காரவைத்துக் காப்பி கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கை வெட்டி வெட்டி இழுத்தது, கோவில் படியிலேயே விழுந்தாள். படம் எடுத்துப் பார்த்தால் முன்மூளையில் கட்டி. கொடிய வகை இல்லை, மெதுவாக வளர்கிறது. முடிந்தமட்டும் வெட்டி எடுத்தார்கள். மிச்சத்துக்குக் கதிர் வைக்க வேண்டும் என்றாயிற்று.

அங்கேதான் ஜெரோமின் கை கட்டிப்போடப்பட்டது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். எங்கே கதிர் பாய வேண்டும், எங்கே பாயக் கூடாது என்று தலைப் படத்தின் மேல் டாக்டர் கோடு போடுவார். சொந்த வீட்டு ஆளுக்கு யாரும் கோடு போடக் கூடாது. பாசத்தில் கை நடுங்கும், கட்டியை விட்டுவிடுவான் என்பது காரணம். நல்ல வழக்கம்தான், ஜெரோமே பலருக்குச் சொல்லியிருக்கிறார். ஆக, செவ்ரின் தலைக்குக் கோடு போட்டவன் வால்டர். செவ்ரினைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டவனும் வால்டர்.

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஜெரோம் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனார். கிடைக்கவில்லை. ஒதுக்க வேண்டிய இடத்தை வால்டர் மயிரிழை பிசகாமல் ஒதுக்கியிருந்தான். வேறு யாராவது போட்டிருந்தால் ஜெரோம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார். வால்டர் போட்டதால் மூடிவைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

கதிர் வைத்த நாட்களில் செவ்ரின் சிரித்துக்கொண்டே போனாள், சிரித்துக்கொண்டே வந்தாள். தலை அசையாமலிருக்க, பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் இழுத்து, வலைபோல ஒரு முகமூடி செய்வார்கள். எல்லாம் முடிந்ததும் அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டு அதற்குள் மணிபிளான்ட் வளர்த்தாள். யோசனை வால்டருடையதாம்.

"இதைத் தூக்கிப் போடேன். பாக்கவே ஒரு மாதிரி இருக்கு," என்றார் ஜெரோம்.

"என் மூஞ்சிதானே, உனக்கு என்ன கஷ்டம்? வால்டர் சொன்னான், இந்த மூஞ்சியிலாவது வாய் அசையாம இருக்கட்டும்னு." அவளே சொல்லி அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜெரோமுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் சொல்லியிருக்க வேண்டிய பகடியை வால்டர் சொல்லிவிட்டான் என்று பட்டது.

ஆடி மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கடலில் படகு போகாத காலம், கருவாடும் முட்டையுமாக நாட்கள் ஓடின. வேலிப் பக்கம் சேம்பிலை அகலமாக விரிந்தபோது செவ்ரின் பத்ரொடே செய்தாள். இலையில் அரைத்த மாவைத் தடவிச் சுருட்டி, அவித்து, வட்டம் வட்டமாக நறுக்கி எண்ணெயில் போட்டெடுப்பது. அன்றைக்கு அதில் புளியே இல்லை. புளி இல்லாத சேம்பிலை சும்மா விடுமா? ஜெரோமுக்குத் தொண்டை நமநமவென்று அரித்தது. போடச் சொன்னேனே என்றார். நீ எப்போது சொன்னாய் என்றாள். இரண்டு தரம் சொன்னதாக அவர் சண்டை பிடித்தார்.

அப்படிச் சண்டைகள் அந்த மாதத்தில் நிறைய வந்தன. மகள் மணிப்பாலிலிருந்து போனில் சொன்னதைச் செவ்ரின் அவரிடம் சொல்ல மறந்தாள். கார் சாவி கேட்டால் காதில் விழாததுபோல நின்றாள். ஜெரோம் அதற்கெல்லாம் தனக்குள் ஒரே ஒரு காரணம் வைத்திருந்தார்: அவள் காது வால்டர் பக்கம் போய்விட்டது.

செவ்ரினின் தங்கை பிளாவியா பெந்தூரில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு சனிக்கிழமை நனைந்த குடையோடு வந்தவள், அக்கா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவரிடம் வந்து நின்றாள்.

"பாவா, அக்கா நேத்து எனக்கு மூணு தடவை போன் பண்ணிச்சு. மூணு தடவையும் அதே பேச்சு, தேங்காய் வாங்கிட்டு வான்னு. நீங்க கவனிக்கிறீங்களா இல்லையா?"

"உங்க அக்காவுக்கு ஞாபகம் பிரமாதமா இருக்கு. வால்டர் டாக்டரைக் கேளு. டெஸ்டுல நூத்துக்கு நூறு."

"நான் டெஸ்டைக் கேக்கல. வீட்டுல எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

"வீட்டுல நான் சொல்றதுதான் மறந்துபோகுது. அங்க சொல்றது எதுவும் மறக்கறதில்ல."

பிளாவியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் முதல்ல படம் எடுக்கணும்," என்று சொல்லிவிட்டுத் தேங்காய்களோடு உள்ளே போனாள்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களைக் கதிர் வைக்குமுன் ஒரு தரமும், பிறகு சில மாதங்களுக்கு ஒரு தரமும் உட்காரவைத்துப் பன்னிரண்டு சொற்களை வாசித்துக் காட்டுவார்கள். வேறு பேச்சுப் பேசி, கொஞ்ச நேரம் கழித்து, எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்கிறவள் உளவியல் படித்த நிஷ்மிதா என்கிற பெண். செவ்ரின் ஒவ்வொரு தரமும் பன்னிரண்டையும் சொன்னாள். கதிர் வைத்த பிறகும் கடகடவென்று சொன்னாள். வால்டர் வராந்தாவிலேயே ஜெரோமைக் கட்டிப்பிடித்து, "நம்ம செவ்ரின்தான்டா நம்ம ஆராய்ச்சிக்கே விளக்கு," என்றான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. ஜெரோம் வாயால் நன்றி சொன்னார். மனசோ, இவள் இரண்டு சொல்லையாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றது. அப்படி நினைத்த மறுநிமிடமே மாதாவை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நினைத்தது நினைத்ததுதானே?

மொந்தி பண்டிகைக்கு முந்தின நாள். மொந்தி என்பது மாதாவின் பிறந்தநாள். கோவிலில் மந்திரித்துக் கொடுக்கிற புது நெற்கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து, நெல்லை உரித்துப் பொடித்துத் தேங்காய்ப்பாலில் கலந்து எல்லாரும் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அன்றைக்கு மீன் கிடையாது, கறி கிடையாது. வாழையிலையில் காய்கறி மட்டும். மறுநாள் சமையலுக்காகச் செவ்ரின் காலையிலிருந்து காய்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெண்டைக்காய், பீர்க்கு, சேனைத்தண்டு, முளைவிட்ட பயறு. மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜெரோம் மேசைப் பக்கம் உட்கார்ந்து அவளுக்காகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"பிளாவியா நாளைக்கு வராளா?" என்றாள்.

"வரா."

பயற்றின் தோலை நீக்கினாள். கொஞ்ச நேரத்தில், "பிளாவியாகிட்ட சொன்னியா, நாளைக்கு வரச் சொல்லி?" என்றாள்.

"இப்பதானே சொன்னேன்?"

"எப்ப?" அவள் முகத்தில் கள்ளம் இல்லை. கேட்டுவிட்டுத் திரும்பவும் பயறில் குனிந்துகொண்டாள். விரல் வேலை செய்ய, வாய் மெல்ல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பயறுக்கு ஒரு சொல். புளி, துடுப்பு, முயல், ஏணி, நண்டு, தொட்டில்.

ஜெரோமின் கை துருவலில் நின்றது.

"இது டெஸ்டுல கேக்கறது இல்ல?"

"ஆமா. நல்லா இருக்கில்ல, வேலைக்குத் தோதா."

"அங்கேயா கத்துக்கிட்டே?"

"அங்கே எதுக்குக் கத்துக்கணும்? நீ சொல்லிக் கொடுத்ததுதானே. பெந்தூர் வாடகை வீட்டுல, கூரை ஒழுகும், நீ வாளியை நகர்த்தி நகர்த்தி வச்சுக்கிட்டே என்னைக் கேப்பே. தொட்டில்னு ஒரு சொல்லு போட்டியே, கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல, என்ன அவசரம் இந்த ஆளுக்குன்னு எங்க அம்மாகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன்."

எல்லாம் அவருக்குத் திரும்பி வந்தது. அந்தப் பட்டியலே அவர் செய்ததுதான். கொங்கணியில் அப்படி ஒரு சோதனை கிடையாது என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே சொல் சொல்லாகப் பொறுக்கிச் சேர்த்தார். சுலபமாக இருக்கிறதா, கஷ்டமாக இருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் கிடைத்த ஆள் புது மனைவி. இரவும் பகலும் அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் அதைச் சீர்செய்தார். வால்டர் ஆராய்ச்சி தொடங்கியபோது பழைய பட்டியலைத் தேடி எடுத்தான். ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் ஆளுக்கு மனப்பாடமாகிவிடும், இதற்கு இணையாக இன்னொன்று செய்துகொடு என்று ஜெரோமிடம் கேட்டான். செய்கிறேன் என்றார். தலைமைப் பெயர் போட்டுக்கொண்டவன் தானே செய்துகொள்ளட்டுமே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, செய்யவே இல்லை. வால்டர் வேறு வழியில்லாமல் சொற்களின் வரிசையை மாற்றி மாற்றிப்போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

செவ்ரின் பன்னிரண்டையும் சொன்னது கதிருக்குத் தப்பிய ஞாபகத்தால் இல்லை. அவை கல்யாணமான புதிதில் உள்ளே போன சொற்கள். அவற்றை எந்தக் கதிரும் தொடாது.

ஒரு புருஷனுக்கு அந்த இடத்தில் என்ன தோன்றியிருக்க வேண்டும்? எதிரே உட்கார்ந்து பயறு உரிக்கிறவள் சற்றுமுன் கேட்டதையே மறந்து திரும்பக் கேட்கிறாள் என்று பதறியிருக்க வேண்டாமா? ஜெரோமுக்கு அது தோன்றவில்லை. வால்டரின் விளக்கு அணைந்தது என்பதுதான் முதலில் தோன்றியது. தேங்காயை மளமளவென்று துருவி முடித்தார். பண்டிகையன்று புதுநெல் பாலைக் குடும்பத் தலைவராகத் தன் கையாலேயே எல்லாருக்கும் ஊற்றினார். ரொம்ப நாளைக்குப் பிறகு பாவா முகத்தில் களை வந்திருக்கிறது என்று பிளாவியா அக்காவிடம் சொன்னாள்.

அந்த வாரமே ஆராய்ச்சிக் கூட்டம். பெங்களூர்க் கமிட்டியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நோயாளிகள் தரப்பில் நாலு வார்த்தை பேச வால்டர் செவ்ரினையும் அழைத்திருந்தான். அவள் பண்டிகைக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வால்டர் சுவரில் படம் காட்டிக்கொண்டே பேசினான். மற்ற நோயாளிகளின் டெஸ்ட் மார்க்கைக் காட்டும் கோடுகள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் போக, ஒரு கோடு மட்டும் உச்சியில் நேராகப் போயிற்று. அது யாருடையது என்று அவன் சொல்லவில்லை. அறையில் எல்லாருக்கும் தெரியும்.

ஜெரோம் எழுந்தார்.

"அந்த மேல் கோட்டை எடுத்துடு வால்டர். அது செல்லாது. அந்தப் பட்டியல் அவளுக்கு முன்னாடியே மனப்பாடம். புதுசா ஒண்ணு கேட்டுப் பாரு, தெரியும்."

வால்டர் முதலில் ஜெரோமைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த செவ்ரினைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. கூட்டத்தை அதோடு நிறுத்தி, வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பினான்.

"என்ன பேசிக்கறீங்க, என்னைப் பத்தியா?" என்று செவ்ரின் எழுந்து வந்தாள். புதுச் சொற்கள் கேட்க வேண்டும் என்று சொன்னதும், "கேளுங்களேன், எனக்கென்ன பயம்," என்றாள்.

வால்டரின் அறையில் நாலு பேர்தான். வேறொரு நாள் கேட்கலாம் என்று வால்டர் சொல்லிப் பார்த்தான். ஜெரோம் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து பன்னிரண்டு புதுச் சொற்களை எழுதி நிஷ்மிதாவிடம் கொடுத்தார். மூன்று வருடமாகச் செய்யாததை நிமிஷத்தில் செய்துவிட்டார். வலை, பாலம், குதிரை, கண்ணாடி என்று நிஷ்மிதா நிதானமாக, திரும்பத் திரும்ப வாசித்தாள். செவ்ரின் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு டீயும் வாழைப்பழ பன்னும் வந்தன. பன்னில் சீரகம் போதவில்லை என்று செவ்ரின் குறை சொன்னாள். வால்டரின் மனைவிக்குச் சேம்பிலை அனுப்புகிறேன் என்றாள். டீ ஆறுகிற வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

"இப்ப சொல்லுங்க மேடம். வாசிச்சேனே, அதுல ஞாபகம் இருக்கற சொல்லெல்லாம்," என்றாள் நிஷ்மிதா.

"வலை," என்றாள் செவ்ரின் உடனே.

ஜெரோம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள். பட்டுச் சேலையின் ஓரத்தை விரலில் சுற்றிப் பிரித்தாள். நிஷ்மிதா காத்திருந்தாள். செவ்ரின் யாரையோ கூட்டத்தில் தொலைத்துவிட்டவள்போல ஜெரோமைப் பார்த்தாள். அந்த முகத்தை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. வீட்டில் பலமுறை வந்துபோயிருக்கும், அவர்தான் பார்க்கவில்லை. அப்புறம் ஏதோ பிடிபட்டு முகம் மலர்ந்தது.

"புளி, துடுப்பு, முயல், ஏணி, நண்டு, தொட்டில்…" ஒன்று விடாமல் பன்னிரண்டையும் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவளாட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரிதானே, ஜெரி?"

ஜெரோம் ஜெயித்துவிட்டார். வால்டரின் கோடு செல்லாது என்று நிரூபித்துவிட்டார். அவர் நிரூபித்தது வேறென்ன என்பது அந்தக் கேள்வியில்தான் அவருக்கு உறைத்தது. பத்ரொடேயில் இல்லாத புளியும், மூன்று தரம் வந்த போனும், காதில் விழாத கார் சாவியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

"எல்லாம் சரி," என்றார்.

"வால்டர், பாத்தியா? எங்காளு செஞ்ச பட்டியல்," என்றாள் செவ்ரின்.

அவளைக் காரில் உட்காரவைத்த பிறகு வால்டர் வாசல் வரை வந்தான். தூறலில் நனைந்துகொண்டு நின்றான்.

"அந்த இடத்தை ஒதுக்கியும் ஞாபகம் தப்பல. நீ சொன்னது நல்லதுதான். சொல்லாம இருந்தா இன்னும் எத்தனை மாசம் கண்ணை மூடிக்கிட்டு இருந்திருப்பேனோ. ஞாபகத்துக்கு மாத்திரை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். போனது முழுசா வராது, ஆனா இருக்கறதைப் பிடிச்சு நிறுத்தலாம்."

ஜெரோம் தலையாட்டினார்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். ரெண்டாவது பட்டியலை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஜெரி? அது இருந்திருந்தா கதிருக்கு அப்புறம் வச்ச முதல் டெஸ்டுலயே இது தெரிஞ்சிருக்கும்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெரோம் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பார்.

அன்று சாயங்காலமே ஜெரோம் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். அவசரத்தில் கிறுக்கிக் கொடுத்தது ஆகாது, ஒழுங்காக ஒன்று செய்ய வேண்டும். ஜன்னலில் அந்த வலை முகத்துக்குள்ளிருந்து மணிபிளான்ட் இரண்டு புது இலை விட்டிருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. செவ்ரின் அடுப்படியில் கஞ்சிக்குத் துவையல் அரைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதறே?"

"சொல் பட்டியல். டெஸ்டுக்கு. புதுசா ஒண்ணு."

"யார்கிட்ட கேட்டுப் பாக்கப் போறே? என்கிட்ட படி. பெந்தூர் வீட்டுல படிச்சியே, அது மாதிரி."

ஜெரோம் தயங்கினார். டெஸ்டுக்கு உட்காரப்போகிற ஆளுக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டினால் பட்டியல் கெட்டுப்போகும். அவர் செய்த முதல் தப்பே அதுதான். அப்புறம் படித்தார். ஆணி, மாங்காய், குடை, தவளை என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"தவளையா? வேற ஒண்ணும் கிடைக்கலையா உனக்கு? வால்டர் மூஞ்சியை நினைச்சுக்கிட்டு எழுதினியா?" என்று செவ்ரின் வாய்விட்டுச் சிரித்தாள். ஜெரோமும் சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் அதே மேசையில் அதே தாளோடு உட்கார்ந்திருந்தார். செவ்ரின் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதறே? என்கிட்ட படியேன்."

ஜெரோம் முதலிலிருந்து படித்தார். தவளை வந்ததும் நிறுத்தினார். அவள் சிரித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டு அடுத்த சொல்லைப் படித்தார்.